வினையும் கைவினையும்

இறைவன் அருளே வடிவினன் என்பதும், உயிர்கள் துன்பத்தில் அழுந்துகின்றன என்பதும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம் என்னும் வினா எச்சமயத்தார்க்கும் பொதுவாம். முற்றறிவும் பேராற்றலும் எல்லையில்லா அருளும் உடைய ஒருவன் உளனாயின் துன்பம் இருத்தல் கூடாது. துன்பம் கண்கூடாகலின் அம்மூன்றனுள் ஒன்று அவன்பால் இல்லை என்பர் மறுப்போர். மேனாட்டில் இலைப்னிட்சு என்னும் தத்துவ ஆசிரியர் 1710-ஆம் ஆண்டில் இதற்கு விடையாக ஒரு நூல் வெளியிட்டனர். 1755 நவம்பர் முதல் நாள் இலிசுபன் நகரை நிலநடுக்கம் அழித்தபின், வால்டேர் என்பார் அவ்விடையை எள்ளி நகைத்தனர். நம் சித்தாந்த ஆசிரியர்களோ அவர்களுக்குப் பன்னூறாண்டு முற்பட்டே இவ்வினாவை எடுத்து ஆராய்ந்து விடை கண்டுள்ளனர். அவ்விடை வலியுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதனை நாம் எடுத்தாளும் முறையில் ஒரு பிழை நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. அப்பிழையை நூற்சான்று கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து. அதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுமுன், யான் செய்ததையே முதற்கண் கூறுதல் முறையாகும்.

இளமையில் மடத்தில் மெய்கண்ட சாத்திரம் பாடங்கேட்டுப் பின்னர் இராசபாளையத்தில் தமிழாசிரியனாக இருந்த காலத்து, பஞ்சாலைத் தொழிலாளர் ஒருவர் இல்லத்திற்குத் துக்கம் விசாரிக்கச் சென்றேன். ஏழு வயதுச் சிறுவன் காய்ச்சல் கண்டு நான்கே நாளில் இறந்துவிட்டான். தந்தையார் சுவரைப் பார்த்தபடி வாய்திறவாது இருந்தார். ஆறுதல் கூறுதல் என் கடன் என்று எண்ணி, பிராரத்த வினை நுகர்ந்தே கழிய வேண்டும் என்றும், அவ்வுயிர் கொணர்ந்த கணக்கு அவ்வளவே என்றும் எடுத்துரைத்தேன். மூலையில் இருந்த பாட்டியார் என்னை நோக்கி, “ஐயா, என் பேரன் போன சென்மத்திலே என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாது என்றால், பேசாமல் கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருங்கள்” என்றார். பேசாது அமர்ந்திருந்து மீண்டேன். யான் கூறியது சாத்திரத்திற்கு மாறானதன்று. அம்மூதாட்டியார் வினவியதற்கோ என்பால் விடை இல்லை. சாத்திரம் மெய்யாகவும் அதனைக் கூறிய கூற்றுப் பிழையாகவும் முடிந்தது எங்ஙனம்? இதுவே அன்று தொட்டு யான் நூல்களை வினவிவரும் வினா.

சித்தாந்த விடை

முதற்கண் நம் நூல்களின் விடையைச் சுருங்கக் காண்போம். உலகை இல்பொருளினின்றும் இறைவன் படைத்தான் என்று கொள்ளும் சமயங்களில், தீமையின் தோற்றத்திற்கும் அவனே காரணன் ஆவான் என்னும் குற்றம் நேர்கின்றது. சித்தாந்தத்தில் அக்குற்றத்திற்கு இடமில்லை. பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி. செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் போல ஆணவ மலம் உயிரோடு உடனாய் நிற்பது. ஒருவராலும் இடையில் கொண்டுவந்து சேர்க்கப்பட்டதன்று. உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் அம்மல நோயைத் தீர்த்தற்பொருட்டு இறைவனால் கூட்டப்படுவன. வினை அறிவற்றதாகலின் தானே சென்று தன் பயனை உயிர்க்கு ஊட்டமாட்டாது. இறைவன் ஆணையே அதனைக் கூட்டுவிக்கும் என்பது சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்தால் பெறப்படும். ஆகவே நோய் அவன் தந்ததன்று. மருந்தே அவன் தருவது.

இதனை விளக்கவந்த அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் சுபக்கத்தில் இரண்டு உவமைகளைக் கூறுகின்றார். சொல்வழி நில்லாத மக்களைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலும் அன்பே என்பது ஒன்று. மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும், சில நோய்களைக் கற்கண்டும் பாலும் போன்ற இனியன கொடுத்தும் தீர்ப்பான். அதுபோல இறைவனும் இன்பமும் துன்பமும் ஊட்டி வினையை அறுப்பான் என்பது மற்றொன்று.

இம்மருத்துவ உவமையைச் சொற்பொழிவாளர் பலரும் எடுத்தாள்கின்றனர். எனினும் அவர்கள் அறுவைப் பகுதியையே விரித்துரைத்துப் பாற்பகுதியைக் கைவிடுகின்றனர். ஆசிரியர் கருத்தோ அப்பாற்பகுதியின்றி நிரம்பாது. என்னை? துன்பம் மட்டுமே மருந்தாயின், துன்புறுவோன் ஒருவனே நோயாளி ஆவான். இன்புற்றிருப்போன் நோயற்றவனாய் அருகே நின்று அவன் நோயைப் பற்றித் தீர்ப்புக் கூறலாம். இன்பமும் மருந்தே என்று ஆசிரியர் கூறிவிட்டமையான், நலமாய் இருப்போனும் அதே மருத்துவச் சாலையில் அடுத்த கட்டிலிற் கிடக்கும் நோயாளியே ஆகின்றான். அவனுக்குப் பாலும் இவனுக்குக் கத்தியும் தரப்படுவது ஏன் என்பதை மருத்துவன் அறிவான். பால் குடிப்போன் அறியான். பால் தரப்பட்டமையால் தன் நோய் சிறிதென்று அவன் எண்ணுவானாயின், அவ்வெண்ணமே ஆணவத்தின் வேலை என்க. துக்க வீட்டில் யான் செய்த பிழையின் ஒரு பாதி இதனால் விளங்கிற்று. பாலுண்டு கிடந்த நோயாளியாகிய யான், மருத்துவன் இருக்கையில் ஏறி அமர்ந்து பேசினேன்.

உவமை யார் வாய்மொழி?

உவமை முழுதும் ஒவ்வாது என்பது இலக்கண நூலார் யாவர்க்கும் உடன்பாடு. மருத்துவ உவமையும் ஓரெல்லையளவே செல்லும். உலக மருத்துவன் நோயின் பெயரை நோயாளிக்குக் கூறுகின்றான். அறுக்குமுன் அவன் இசைவைக் கேட்கின்றான். எத்துணை நாளில் ஆறும் என்றும் சொல்கின்றான். இறைவன் செய்யும் மருத்துவத்தில் இம்மூன்றும் நமக்குப் புலனாவதில்லை. மலபரிபாகம் எய்துமளவும் திரோதான சத்தி மறைத்து நின்றே நடத்தும் என்பது நம் கொள்கை. மறைத்து நடத்தப்படுவதை வெளிப்படக் கண்டான்போல ஒருவன் உரைப்பானாயின், அவன் கொள்கைக்கே மாறாக உரைப்பவன் ஆவான்.

இனி, அவ்வுவமை யாரால் யாருக்குக் கூறப்படுகின்றது என்பதும் நோக்கத்தக்கது. திருவில்லிபுத்தூரில் வைணவ நண்பர் ஒருவரோடு இதுபற்றி உரையாடியபோது, பெருமாள் திருமொழியில் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டுப் பெருமானைப் பாடிய பாசுரங்களை அவர் நினைவூட்டினார். அங்கும் அறுத்துச் சுடும் மருத்துவன் உவமையாக வருகின்றான். ஆனால் அங்கே பேசுபவர் நோயாளியே. எத்துணை நோவு செய்யினும் மருத்துவன்மேல் மாறாத அன்புடையேன் என்று தம் நிலையைத் தாமே கூறுகின்றார். சித்தியாரில் பேசுபவர் ஆசிரியர். கேட்பவன் பக்குவமுற்று ஐயம் அகற்றிக்கொள்ள வந்த மாணாக்கன். இவ்விரண்டிடத்தும் உவமை பொருந்தும். மூன்றாமிடம் ஒன்று உண்டு: நலமுள்ளவன் ஒருவன் நோயிற் கிடப்பானை நோக்கி, அவன் வினவாதிருக்கவும், இதனை எடுத்துக் கூறுதல். அவ்விடத்திற்கு இவ்வுவமையை நம் ஆசிரியர் வகுத்திலர்.

துன்புற்றோன் தானே தன் வினையைக் கூறுமிடத்தும் எத்துணை அடக்கம் வேண்டும் என்பதற்குத் திருநாவுக்கரசர் சான்றாவார். சூலை நோயால் வருந்தித் திருவதிகை வீரட்டானத்தில் அவர் பாடிய முதற் பதிகத்தின் தொடக்கத்தில், தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியார் என்றே கூறுகின்றார். தம் வினையையே அறியேன் என்றவர் வழியில் நிற்கும் நாம், பிறர் வினையை அறிந்தேம் என்று கூறுதல் எங்ஙனம்? திலகவதியார் செய்ததும் கருதத்தக்கது. சமயம் மாறிச் சென்று நோயோடு மீண்ட தம்பியாரை நோக்கி, இது நின் வினையின் பயன் என்று இடித்துரைத்தற்கு அவ்வம்மையாரினும் உரிமையுடையார் இலர். அவரோ திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றனர். மூதாட்டியார் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுவே என்று பின்னர்தான் உணர்ந்தேன்.

திருநீலகண்டப் பதிகம்

இப்பொருளுக்கு நேரே உரிய திருப்பதிகம் ஒன்று முதல் திருமுறையில் உளது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. சேக்கிழார் இதனைக் கூறுமிடத்து, அந்நிலத்தின் இயல்பாலும் பருவத்தாலும் வருவதாகவே அந்நோயைக் குறிக்கின்றார். நிலத்தின் இயல்பேயாயினும் நம்மை அணுகுதல் கூடாது என்று பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடியருளினார். நோய் அந்நாட்டை விட்டே அகன்றது என்பது வரலாறு.

இப்பதிகத்தின் முதற்பாட்டு, அந்த வினைக்கு இந்தத் துன்பம் என்று கூறுவோரை விளித்தே தொடங்குகின்றது. அங்ஙனம் அறிந்தும் உய்தியை நாடாதிருத்தல் உங்கட்கு ஊனம் அன்றோ என்பது அதன் கருத்து. அடுத்து, கைவினை செய்து இறைவன் திருவடியைப் போற்றுவோம், ஆகலின் வினை நம்மைத் தீண்டாது என்று முடிகின்றது.

இதற்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். வினையுண்மையை நாட்டுதலே பாட்டின் கருத்து என்பது ஒன்று. வினை உண்டென்று கூறி அவ்வளவில் அமைந்துவிடுதலைக் கடிதலே கருத்து என்பது மற்றொன்று. பின்னதே பொருந்தும் என்பது என் துணிபு. வினையுண்மை ஆண்டுக் கேட்போர் யாவர்க்கும் முன்னரே உடன்பாடாயிற்று. உடன்பட்ட ஒன்றனை மீள நாட்டுதல் வேண்டா. 'ஊனம்' என்னும் கடுஞ்சொல் கொள்கையைச் சுட்டாது, அதனைக் கூறி வாளாவிருப்போரின் நிலையையே சுட்டுகின்றது. நோயுற்றோர்மாட்டு ஊனம் கூறாது, நோய்க்குக் காரணம் கூறுவோர்மாட்டு ஊனம் கூறியதே இப்பதிகத்தின் சிறப்பு.

'கைவினை' என்பதற்குக் கையால் செய்யும் சிவத்தொண்டு எனப் பொருள் கொள்ளுதல் மரபு. அப்பொருளே செவ்விது. ஆயினும் அத்தொண்டு யாது என்பதனை அடுத்த பாட்டே விரிக்கின்றது. சோலை வைத்தலும், குளங்கள் பல தோண்டுதலும், கனிந்த மனத்தோடு இருபொழுதும் மலர் கொய்து வழிபடுதலும் ஆண்டு ஒருங்கே கூறப்படுகின்றன. சோலையின் நிழலும் குளத்தின் நீரும் வெயிலில் வந்தான், நீர்வேட்கையுற்றான் எவனுக்கும் உரியன. அவன் தன் வினையால் வெந்தானோ என்று நிழல் வினவுவதில்லை. ஆகவே வினை என்னும் சொல்லுக்கு எதிரே கைவினை என்னும் சொல்லைப் பிள்ளையார் வைத்தது ஓசை நயம் கருதி மட்டுமன்று. வினைக்கு விடை கையால் செய்யப்படுவது. வாயால் கூறப்படுவது அன்று என்பதே அதனால் போதரும் பொருள்.

திருமருகலிலும் இதனையே காண்கின்றோம். உடன்வந்த வணிகனைப் பாம்பு தீண்டக் கதறிய பெண்ணின் அழுகுரல் கேட்ட சம்பந்தர், அவள் வினையை அவளுக்கு உரைத்திலர். அவள் பக்கல் நின்று, இவள் உள்ளம் இங்ஙனம் மெலிதல் நினக்குத் தகுமோ என்று இறைவனையே வினவினார். துன்புற்றோர் இறைவனை வினவுதல் நம் நெறியில் குற்றமாகாது. கண்ணிழந்த சுந்தரர் இறைவனோடு பிணங்கிப் பாடியனவும் திருமுறையாகவே ஓதப்படுகின்றன.

தடையும் விடையும்

தடை: துன்பம் மருந்தாயின் அதனைத் தணித்தல் மருத்துவன் செயலுக்கு இடையூறு செய்வதாகாதோ?

விடை: ஆகாது. திருச்செங்கோட்டில் சுரம் நீக்கியதும், திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது இறைவன் தந்த படிக்காசு கொண்டு இரு குரவரும் அடியாரை ஊட்டியதும் அவன் திருவருட்கு இயைந்தனவே ஆயின. அறுப்பவனும் கட்டுபவனும் ஒரே மருத்துவச் சாலையில் உளர். தணிக்கும் கையும் அவன் ஆணையின் உட்பட்டதே. அன்றியும், கண்டு கடந்து போவானுக்கு அக்கடந்து போதலே ஆகாமியமாய் ஏறும்.

தடை: அற்றேல், வினையை யாண்டும் கூறலாகாது என்றால் கொள்கை தளராதோ?

விடை: தளராது, தன் இடத்தில் நின்று வலிபெறும். இறைவன் கொடியவனோ என்னும் வினாவுக்கு அது விடை; தன் செயலைத் திருத்திக்கொள்வானுக்கு அது வழிகாட்டி. இன்னார்க்கு இத்துன்பம் ஏன் வந்தது என்னும் வினாவுக்கு அது பொதுவிடையாவதன்றித் தீர்ப்பாவதில்லை. நோய்க்குக் கிருமி காரணம் என்றறிந்தவன், அவ்வறிவு ஒன்றனால் இன்னாரைப் பற்றியது இன்ன கிருமி என்று கூறிவிட மாட்டான்.

தடை: ஊர் முழுதும் ஒருங்கே அழியுமிடத்து, அவ்வூரார் செய்த பொதுவினை என்று கொள்ளலாமன்றோ?

விடை: இதற்கு நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றே போதும். 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்து பல்லாயிரவர் மாண்டனர். அரிசனத் தொண்டுக்காக அப்போது தமிழ்நாட்டில் பயணஞ் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், சனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தாழ்த்தப்பட்டோர்க்கு நாம் இழைத்த பாவத்திற்கு இறைவன் தந்த தண்டனை அது என்றனர். நம் திருவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரையில் அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே. தீண்டாமை பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. அதனை ஒழிக்க வேண்டும் என்னும் அடிகள் நோக்கமும் தூயது. எனினும் இரவீந்திரநாத தாகூர் அதனை மறுத்தனர். பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகமே காரணம் என்றும், இத்தகைய வாதம் அடிகளின் எதிரிகட்கே மிகவும் ஏற்றது என்றும் அவர் எழுதினார். அம்மறுப்பைத் தம் 'அரிசன்' இதழிலேயே 1934 பிப்ரவரியில் வெளியிட்டுத் தம் நம்பிக்கையையும் அடிகள் விளக்கியது அவர் பெருந்தன்மை.

சித்தாந்தம் இவ்வழக்கில் யார் பக்கம் நிற்கும்? இறைவன் ஆணையின்றி எதுவும் நிகழாது என்பதில் அது அடிகளோடு ஒக்கும். ஆனால் முடிவில் தாகூர் பக்கமே நிற்கும் என்பேன். வினை உயிர்தோறும் தனித்தனி உரியது. ஒருவன் செய்தது மற்றொருவனால் நுகரப்படாது என்பது நம் அடிப்படை. தென்னாட்டிலும் பிறாண்டும் தீண்டாமை செய்தோர் மாடியில் உறங்க, பீகாரில் தொட்டிற் குழவி இடிந்த சுவரின்கீழ் மாண்டது. அக்குழவியை அவர் பாவத்தோடு இணைத்தற்கு நம் நூல்களில் விதி இல்லை. ஆதிதைவிகம் என்று நம் நூலார் பகுத்ததும் துன்பம் வரும் வாயிலைக் காட்டவே. பட்டோரின் குற்றத்தைக் கணக்கிட அன்று.

இன்னும் அணித்தாக ஒன்று: 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசுச் சாலை வெடித்து முப்பதின்மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் அவ்வாலையில் வேலை செய்தவரல்லர். தீயைக் கண்டு அருகூர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அங்கே நின்று வினை என்று கூறுவானுக்கு இரண்டு தீங்கு நேரும். மாண்டவர்மேல் அறியாத குற்றத்தை ஏற்றுதல் ஒன்று. மருந்தைக் கையாளும் முறையிலும் காவலிலும் நேர்ந்த மக்கட் பிழை ஆராயப்படாமல் மறைதல் மற்றொன்று. வினை என்னும் சொல்லால் பிழை செய்தோன் விடுதலை பெற்று, பிணமாய்க் கிடப்போன் குற்றவாளி ஆதல் எந்நூற்கும் உடன்பாடன்று.

முடிபு

இத்துணையும் கூறியபின்னும், அச்சிறுவனுக்கு ஏழாண்டே வகுக்கப்பட்டது ஏன் என்பதை யான் அறியேன். நூல்களும் அதனைக் கூறுவதாக ஏற்றுக்கொண்டில. இறைவன் நோய் செய்தவனல்லன், நோயோடு நம்மைக் கைவிடுபவனும் அல்லன் என்பதையே அவை உறுதி கூறுகின்றன. எனக்கு அது போதியதாகின்றது. அது போதாது என்பாரோடு யான் வழக்கிடேன். அவரும் திருமருகலில் எழுந்த வினாவையே வினவுகின்றனர்.

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இறைவன் வைத்தியநாதன் என்னும் பெயரோடு எழுந்தருளியுள்ளான். தாய் வரத் தாழ்த்தமையால் தனித்துப் பேறுகால நோவுற்ற பெண்ணொருத்திக்கு, இறைவன் அத்தாய் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது அத்தலத்து வழங்கும் வரலாறு. இராசபாளையத்துப் பெத்தவநல்லூர் மாயூரநாதர் தலத்தும் இத்தகைய கதையே வழங்குகின்றது. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாறு யாவரும் அறிந்தது. இக்கதைகளில் ஒன்றனிலும் இறைவன் அப்பெண்ணின் பக்கத்தில் நின்று அவள் வினைக்கணக்கை வாசித்தான் என்று இல்லை. முற்றக் கணக்கறிந்த அவனே அதனைக் கூறாது, மருத்துவச்சியாய்க் கைவினை செய்தான். வினைகளை எல்லாம் அறிந்த மருத்துவன் ஒழுக்கம் இதுவாயின், ஒன்றும் அறியாத அடுத்த கட்டில் நோயாளியின் ஒழுக்கம் யாதாதல் வேண்டும்?

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேசு என வழங்கும் காயக்கட்டுத் துணி தறியில் நெய்யப்படுகின்றது. எவ்வூரில் எவருடைய புண்ணில் அத்துணி சுற்றப்படும் என்பதும், அப்புண் எதனால் வந்தது என்பதும் நெய்வோர்க்குத் தெரியா, நெய்து அனுப்புகின்றனர். அவ்வழியே செல்லும்போதெல்லாம் யான் அம்மூதாட்டியாரை நினைப்பேன். அவருக்குப் பின்னர் எத்தனையோ துக்க வீடுகளுக்குச் சென்றுள்ளேன். வினையைப் பற்றி வாய்திறப்பதில்லை. தண்ணீர் மொண்டு தருவேன். வந்தவர் அமரப் பாய் விரிப்பேன். பின் ஒரு மூலையில் அமர்ந்திருப்பேன்.

திருச்சிற்றம்பலம்.